நாளைக்கு வரும் பறவையின் தடம்

காரைக்கால் கோவில்பத்தில் குடியிருக்கும் சஃபியுல்லாவின் நாய் ஈர மணலில் நடந்தால் நாயின் கால்தடம் விழாது. மறுநாள் காலையில் அந்த இடத்தில் எந்தப் பறவை வந்து இறங்கப்போகிறதோ, அதன் தடம்தான் விழும். 2019-ஆம் வருஷம் காணும் பொங்கலுக்கு மறுநாள் இது முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. அன்று விடிந்த கொஞ்ச நேரத்தில், பட்டினச்சேரிக் கரையில் முகத்துவாரம் வரைக்கும் நாயோடு நடந்த சஃபியுல்லா, திரும்பும்போது தன் செருப்புத் தடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். அதற்கு வலப்பக்கம் சங்கிலி நீளத்துக்குத் தள்ளி, நாயின் தடம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், மூன்று விரலும் இடையில் சவ்வுமாக ஒரு பூநாரை நடந்து போயிருந்தது. ஒரு எட்டுக்கும் அடுத்த எட்டுக்கும் ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி. நாய் போட்டதோ ஒரு சாண் எட்டு. தமக்கு முன்னால் ஏதோ பூநாரை இந்தப் பக்கம் நடந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். மறுநாள் அதே இடத்தில் ஒரு பூநாரை ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. அன்று நாய் உப்புக்கொத்தியின் தடத்தைப் பதித்தது. அடுத்த காலை உப்புக்கொத்தி வந்தது. ஐந்து நாள் வரைக்கும் சஃபியுல்லா இதைத் தற்செயல் என்றார். ஆறாம் நாள் பறவையின் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். ஏழாம் நாள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார்.

சஃபியுல்லா கப்பல் வைத்திருந்த மரைக்காயர் வீட்டுப் பிள்ளை. கப்பல் கைவிட்டுப் போய் மூன்று தலைமுறை ஆகிவிட்டதால், அவர் பிறத்தியாரின் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்கப் போனார். ஓமானில் சலாலா துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டினார். நூற்றிருபது அடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒற்றை ஆள். அந்த உயரத்தில் பேச்சுத்துணைக்குப் பறவையை விட்டால் வேறு நாதியில்லை. ஒரு கப்பல் போய் அடுத்தது வரும் வரை அவர் பறவைகளைப் பார்த்துப் பழகினார், ஊருக்குப் போன ஒரு பிலிப்பைன்ஸ்காரர் விட்டுச்சென்ற பைனாகுலரைத் தமதாக்கிக்கொண்டார், குஞ்சு பொரித்த நாளைக்கூடத் தேதியோடு சொல்லக்கூடியவரானார். 2017-இல் ஊரோடு வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் இரண்டும் வெளியூரில் இருந்தன. அவரும் மனைவி சுல்தான் பீவியும் ஒரே வீட்டில் இரண்டு மாதத்துக்கு மேல் சேர்ந்திருந்தது கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் தடவை. இருவரும் ஒருவருக்கொருவர் விருந்தாளியைப் போல நடந்துகொண்டார்கள். விடிகாலை பஜ்ரு தொழுத கையோடு அவர் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவது இருவருக்குமே சௌகரியமாக இருந்தது.

நாய் பக்கத்து வீட்டுடையது. அந்த வீட்டுக்காரர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். மகனோடு இருக்கப் பாரீசுக்குப் போனபோது கதவையும் கேட்டையும் பூட்டினார், நாயைப் பூட்ட மறந்துவிட்டார். அது பூட்டிய கேட்டுக்கு வெளியே மூன்று வாரம் தெருவைப் பார்த்துப் படுத்துக் கிடந்தது. யாருக்காகவோ காத்திருப்பதை அவ்வளவு மரியாதையாகச் செய்யும் ஒரு பிராணியைச் சஃபியுல்லா அதற்கு முன் பார்த்ததில்லை. நாலாவது வாரம் அது அவருடைய ஸ்கூட்டரின் கால்வைக்கும் பலகையில் தானாக ஏறி உட்கார்ந்தது. நடக்கும்போது வாலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிதானமாகத் திருப்பித் திருப்பி வழிபார்த்துப் போனதால் அதற்குச் சுக்கான் என்று பெயர் வைத்தார். செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும், குரைப்பது வருஷத்தில் நாலைந்து தடவை.

சுல்தான் பீவிக்கு நாயின் மேல் பகை ஒன்றும் இல்லை. ஆனால் ஷாபி மத்ஹபின் சட்டப்படி பிசகில்லாமல் வளர்ந்தவர். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும். அதற்காகக் கேட்டுக்கு உள்பக்கம் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சட்டிக் களிமண்ணும் வைத்து, கணவர் வந்தவுடன் எண்ணுவார். அந்த வகையில் சஃபியுல்லாவின் கைகள் காரைக்கால் வட்டாரத்திலேயே மிகச் சுத்தமான கைகளாக இருந்தன. தடத்தைப் பற்றிச் சொன்னபோது, காலில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார் சுல்தான் பீவி. அவர் சொன்னபடி நாயின் நாலு காலையும் களிமண் போட்டு ஏழு தடவை கழுவினார்கள். மறுநாள் தடம் முன்னைவிடத் துல்லியமாக விழுந்தது, நகத்தின் நுனிகூடத் தெரிந்தது. அந்த மாசியில் கொல்லைப்புறம் சிமெண்டு பூசியபோது, ஈரம் காய்வதற்குள் நாய் குறுக்கே ஓடிவிட்டது. கொத்தனார் கரண்டியை வீசிவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசினார்; பூச்சில் விழுந்திருந்தது மைனாவின் தடம், மொத்தம் பதினாறு. மறுநாள் காலை ஒரு மைனா மதிலிலிருந்து இறங்கி, இறுகிப்போன அந்தப் பதினாறு தடத்திலும் ஒன்றைக்கூட விடாமல் காலை வைத்து நடந்து, அந்தப் பக்கம் பறந்து போனது. கையில் தேத்தண்ணீரோடு நின்ற சுல்தான் பீவி சுப்ஹானல்லாஹ் என்று சொல்லிவிட்டு, இடியாப்பம் பிழியப் போனார். அந்தத் தடங்களை ஏழு தடவை கழுவ வேண்டுமா என்று பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் ஆள் அனுப்பிக் கேட்டார். அவர் இரண்டு நாள் கிதாபைப் புரட்டிவிட்டு, பறவையின் தடத்துக்கு அப்படி ஒன்றும் சொல்லப்படவில்லை என்று சொல்லியனுப்பினார்.

பட்டினச்சேரி மீனவர்கள் இதைச் சஃபியுல்லாவுக்கு முன்பே கவனித்துவிட்டதாக ஊர்த் தலைவர் மருதையன் பிற்பாடு சொல்லிக்கொண்டார். அவர் அப்படித்தான் சொல்வார். எது எப்படியோ, நாயின் அருமையை முழுதாகப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள்தாம். ஆலாப் பறவை எங்கே கூட்டமாக விழுந்து விழுந்து எழுகிறதோ அங்கே பொடிமீன் மேலே வந்திருக்கிறது, பின்னாலேயே பெரிய மீன் வரும் என்பது கடலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். சுக்கான் ஆலாவின் தடத்தைப் பதித்த அன்று வலையைச் சீர்செய்து வைத்து, மறுநாள் கரையோரத்திலேயே வீசினார்கள். 2020 கார்த்திகையில் ஒரு நாள் சுக்கான் முகத்துவாரம் வரை போய்த் திரும்பியது, மணலில் ஒரு தடமும் விழவில்லை; யாருமே நடக்காததுபோல் கிடந்தது. வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தும் அன்று எல்லாப் படகையும் மேட்டுக்கு இழுத்துக் கட்டினார்கள். மறுநாள் அடித்த காற்றில் ஒரு பறவைகூடக் கரையில் இறங்கவில்லை, பட்டினச்சேரியில் ஒரு படகுகூடக் கடலோடு போகவில்லை. அதற்கடுத்த மாசிமகத்துக்கு முதல்நாள் நாய் செம்பருந்தின் தடத்தைப் பதித்தது. மறுநாள் பெருமாள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கியபோது, அத்தனை ஜனத்துக்கும் மேளத்துக்கும் நடுவே கருடன் வந்து மணலில் உட்கார்ந்தது. பட்டாச்சாரியாரே கைகூப்பினார். அதிலிருந்து காலையில் சுக்கான் நடந்து முடிக்கும் வரை கரையை யாரும் மிதிப்பதில்லை என்று ஊரில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் நீளக் கேமராக்களோடு ஆட்கள் வந்தார்கள். அவர்களும் மேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். நாய் யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும். அந்த அடக்கத்துக்காகவே அதைக் கும்பிடலாம் என்று சஃபியுல்லாவுக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. மார்க்கம் இடம் கொடாது என்பதால் தலையைத் தடவிக்கொடுத்து, வீட்டுக்குப் போய் ஏழு தடவை கழுவிக்கொள்வார்.

2022 நவம்பர் பன்னிரண்டாம் தேதி பட்டினச்சேரி மீனவன் கருப்பையன் கடலுக்குப் போனான். கூடப் போகிற இரண்டு பேரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால், நண்டு வலையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று தனி ஆளாக ஃபைபர் படகை இறக்கினான். மத்தியானத்துக்குள் திரும்பியிருக்க வேண்டியவன். தேடிப்போன படகுகள் மூன்று நாள் கழித்து வெறுமனே வந்தன, ஹெலிகாப்டர் இரண்டு தடவை சுற்றியது, அதிகாரிகள் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். நான்காம் நாள் காலை கருப்பையனின் பெண்டாட்டி காசியம்மா மேட்டில் வந்து நின்றாள். முப்பத்துநாலு வயது, கருவாடு போடுகிறவள், ஊரில் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசாதவள். நாய் நடந்து முடிந்தவுடன் இறங்கி, குனிந்து ஒவ்வொரு தடமாகப் பார்த்துக்கொண்டே முகத்துவாரம் வரை போனாள். மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் சஃபியுல்லா அவள் பக்கத்தில் போய், தங்கச்சி, இது பறவையைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்குத் தெரியும் பாய், பார்க்கறதுக்கு வேற எதுவும் இல்லை, அதனால இதைப் பார்க்கிறேன் என்றாள் காசியம்மா. அதற்குப் பிறகு அவர் தடுக்கவில்லை. எது உள்ளான், எது மூக்கன், குதிகாலில் நாலாவது விரல் பட்டால் என்ன, படாவிட்டால் என்ன என்று தமக்குத் தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். துக்கத்தில் இருக்கிற மனுஷிக்குச் சொல்ல அவரிடம் வேறு விஷயம் இருக்கவில்லை. அவள் ஒரு தடவை கேட்டதை மறக்கவில்லை. ஒரு மாதத்தில் அவர் வாயைத் திறப்பதற்கு முன் அவளே சொல்லிவிடுவாள்.

பட்டினச்சேரியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடலுக்குப் போனவன் நாற்பது நாளாகியும் திரும்பாவிட்டால், நாற்பத்தொன்றாம் நாள் காலை வைக்கோலில் அவன் உருவத்தைக் கட்டிக் கரையில் வைத்து எரித்துவிடுவார்கள். அன்றைக்கே பெண்டாட்டி தாலியை இறக்க வேண்டும். நெருப்பு வைத்த பிறகு அந்த ஆள் உயிரோடு வந்து நின்றாலும் ஊருக்கு அவன் செத்தவன்தான். இது வாய்ப்பேச்சு இல்லை. மருதையனின் பெரியப்பா ஒருவர் அப்படி எரிக்கப்பட்டு எட்டு மாதம் கழித்து இலங்கைக் கரையிலிருந்து திரும்பி வந்து, பதினெட்டு வருஷம் அதே தெருவில் செத்தவராகவே வாழ்ந்தார். யாரும் அவரை வாங்க என்று கூப்பிட்டதில்லை, கல்யாணத்துக்குச் சொன்னதில்லை. அவருடைய மனைவி வெள்ளைப் புடவையில் அவருக்குச் சோறு போட்டாள். மூன்றாம் வருஷத்திலிருந்து அவருக்கு நிழல் விழவில்லை, அதையும் யாரும் கேட்கவில்லை. இதெல்லாம் காசியம்மாவுக்குத் தெரியும். கருப்பையனின் நாற்பத்தொன்றாம் நாள் டிசம்பர் இருபத்துமூன்று, மார்கழி அமாவாசை. இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் என்று அவள் பஞ்சாயத்தில் கேட்டாள். மருதையன் கல்நெஞ்சர் இல்லை. ஆனால் ஒருத்திக்குப் பொறுத்தால் எல்லோருக்கும் பொறுக்க வேண்டும், கரைசேராதவர்கள் காலடியில் சுற்றிக்கொண்டிருந்தால் ஊர் தாங்காது என்றார். வைக்கோலுக்குச் சொல்லிவிட்டார்கள்.

நாற்பதாம் நாள், அதாவது இருபத்திரண்டாம் தேதி வியாழக்கிழமை காலை, சுக்கான் வழக்கம்போல நடந்து முடித்து, அலைபடாத இடத்தில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டது. காசியம்மா இறங்கிப் போனாள். நூறு அடி போனவள் நின்றுவிட்டாள். பாய், இது எனக்குத் தெரியாத காலு என்றாள். சஃபியுல்லா வந்து பார்த்தார். கையகலத் தடம். நாலு விரல், நாலையும் சேர்த்துச் சவ்வு. பின்விரலைக்கூட விடாமல் சவ்வு கோத்திருந்தது. அப்படிப்பட்ட கால் இந்தக் கரையில் கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும்தான் உண்டு. கூழைக்கடாவுக்கு இது சிறிசு. நீர்க்காகத்துக்கு வெளிவிரல்தான் எல்லாவற்றிலும் நீளம். இதிலோ வெளிவிரலும் நடுவிரலும் ஒரே அளவு. சஃபியுல்லா மணலில் முழங்காலை ஊன்றி, கட்டைவிரலை வைத்து மூன்று தடவை அளந்தார். பிறகு அது எந்தக் கால் என்று நினைவுக்கு வந்தது. சலாலாவில் ஒருமுறை இறக்கை அடிபட்ட பூபி என்ற கடற்பறவை ஒன்று, கப்பலிலிருந்து தத்தி அவருடைய கிரேன் கூண்டுக்குள் வந்து விழுந்தது. மத்தி மீனை ஊட்டிப் பதினொரு நாள் அதைக் காலடியில் வைத்துக்கொண்டே சரக்கு இறக்கினார். தூசி படிந்த அந்தக் கூண்டுத் தரை முழுக்க இதே கால்தான். நடுக்கடலில் வாழும் வெள்ளைப் பறவை, இறக்கை ஓரம் மட்டும் கறுப்பு. தீவுகளில் குஞ்சு பொரிக்கும் காலம் போக மற்றபடி தரைக்கு வராது. களைத்தால் கப்பலிலோ படகிலோ மிதக்கும் கட்டையிலோ வந்து உட்காரும். இந்தக் கரைக்குப் பூபி தானாகப் பறந்து வந்து இறங்காது. ஏதாவது ஒன்றின்மேல் உட்கார்ந்துதான் வரும்.

அவர் முழங்கால் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். சரியாகத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் காசியம்மாவிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். சரியாகத்தான் தெரிந்திருந்தது. ஆனால் பறவை ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து வரலாம். ஆளில்லாத படகில் வரலாம். ஆள் இருந்து, அந்த ஆள் உயிரோடு இல்லாத படகிலும் வரலாம். நாற்பது நாள் தாங்கி நின்ற ஒருத்தியிடம் போய் நம்பிக்கையைக் கொடுத்து, மறுநாள் அதைப் பிடுங்கிக்கொள்வது வைக்கோல் எரிப்பதைவிடப் பெரிய பாவம் என்று அவருக்குப் பட்டது. வீட்டுக்கு வந்து கைகழுவும்போது எண்ணிக்கை தப்பி எட்டுத் தடவை கழுவினார். சுல்தான் பீவி என்ன என்று கேட்டார். வாசலில் நின்றபடியே முழுதையும் சொன்னார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலான கல்யாணத்தில், அவ்வளவு நேரம் ஒரே விஷயத்தைப் பற்றி அவர் மனைவியிடம் பேசியது அன்றைக்குத்தான்.

சுல்தான் பீவி களிமண் சட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "நீங்க சபுருல இருந்த இருவத்திரண்டு வருஷத்துல, உம் மாப்புள நாளைக்கு வர்றாருன்னு யாராச்சும் ஒரு பொய்யாவது வந்து சொல்ல மாட்டாங்களான்னு எத்தனை நாள் நான் நெனச்சிருக்கேன் தெரியுமா? பொய்யாப் போனாலும் அந்த ஒரு நாள் நமக்குத்தானே. நீங்க பொய்யும் சொல்லப்போறதில்ல. போயிச் சொல்லுங்க, நானும் வர்றேன்."

சஃபியுல்லா ஸ்கூட்டர் சாவியைத் திரும்ப எடுத்தார். கிரேன் கூண்டில் உட்கார்ந்து தாம் ஒருவர்தான் தனியாக இருக்கிறோம் என்று எண்ணியிருந்ததற்காக வெட்கப்பட்டார். ஸ்கூட்டரில் நாய்க்குப் பாத்தியப்பட்ட இடம் இருந்ததால் சுல்தான் பீவி பின்னாலேயே ஆட்டோவில் வந்தார்.

காசியம்மா வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தாள். கொல்லையில் வைக்கோல் கட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சஃபியுல்லா பூபியைப் பற்றிச் சொன்னார். அது எதன்மேல் உட்கார்ந்து வரும் என்று தமக்குத் தெரியாது என்பதையும், மூன்று வகையாகவும் வரலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பறவை வர்றது நெசந்தானே பாய்?"

"பறவை வரும் தங்கச்சி. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

"அப்ப அது வர்ற வரைக்கும் தீ வைக்கக் கூடாதுன்னு நீங்களே தலைவருகிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா அழுவுறதா நெனப்பாங்க."

மருதையன் நாயின் வார்த்தையைத் தட்டுகிறவர் இல்லை. நாலு வருஷத்தில் அது ஒரு தடவையும் தப்பியதில்லை என்பதை அவரே ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறார். ஆனால் பறவை வருகிறது என்பதற்காகச் சடங்கை நிறுத்தியதாக முன்னால் நடந்ததில்லை என்று தாடையைத் தடவினார். கடைசியில், அமாவாசை திதி மத்தியானம் தாண்டியும் இருப்பதால் வெயில் ஏறும் வரை பொறுப்பது குற்றமாகாது என்று ஒரு வழி கண்டுபிடித்தார். அவருக்கும் தம் பெரியப்பாவின் நினைப்பு வந்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் காசியம்மா அந்தத் தடத்தைச் சுற்றி நண்டுவலை மிதவைகளை நட்டு வைத்தாள். அலை வந்து தடத்தை அழித்தது, மிதவைகள் இருந்தன.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது ஊர் முழுக்க மேட்டில் நின்றது. வைக்கோல் உருவத்துக்குக் கருப்பையனின் நீலச்சட்டையைப் போட்டுப் பாடையில் கிடத்தியிருந்தார்கள். சங்கு ஊதுகிறவர் சங்கை மடியில் வைத்திருந்தார். சுல்தான் பீவி ஆட்டோவை விட்டு இறங்கி, துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, காசியம்மாவின் பக்கத்தில் போய் நின்றார். சுக்கான் நடந்து முடித்தது. என்ன தடம் என்று அன்று யாரும் பார்க்கவில்லை. ஏழு மணி ஆனது, எட்டு ஆனது. வெயில் ஏறியது. மருதையன் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். எட்டே முக்காலுக்கு, பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே நின்ற சஃபியுல்லா, தென்கிழக்கில் ஒரு வெள்ளைப் பறவையைக் கண்டார். இறக்கையை விரிக்காமல், நிமிர்ந்து உட்கார்ந்த நிலையிலேயே, அது அலைக்கு மேல் ஏறி இறங்கி நகர்ந்து வந்துகொண்டிருந்தது. உட்கார்ந்தபடி எந்தப் பறவையும் பறக்காது. அவர் பைனாகுலரைக் காசியம்மாவிடம் கொடுத்தார். முதன்முதலாகப் பிடிக்கிறவள் ஆனதால் தன் கண்ணிமை மயிரை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு வெறுங்கண்ணாலேயே பார்த்தாள். அடுத்த அலை தூக்கியபோது பறவையின் காலுக்கடியில் படகின் மூக்கு தெரிந்தது.

மூன்று படகுகள் ஓடிப்போய்க் கயிறு கட்டி இழுத்துவந்தன. அத்தனை சத்தத்திலும் பூபி இடத்தை விட்டு அசையவில்லை. படகின் அடி மணலில் தட்டியவுடன் அது எழுந்து, ஒரு வட்டம் போட்டு, மிதவைகளுக்கு நடுவே வந்து இறங்கி, இறக்கையை மடக்கிக்கொண்டது. படகுக்குள் கருப்பையன் கிடந்தான். கண் திறந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. என்ஜின் இரண்டாம் நாளே நின்றுவிட்டது என்றும், ஐப்பசி கார்த்திகை மழையைத் தார்ப்பாயில் பிடித்துக் குடித்தான் என்றும், ஆறாம் நாள் வந்து உட்கார்ந்த அந்தப் பறவை தினமும் கடலில் பாய்ந்து விழுங்கி வந்த மீனில் பாதியை அவன் பக்கத்தில் கக்கிப் போட்டது என்றும் பின்னால் சொன்னான். கேட்டவர்கள் என்ன மீன் என்று கேட்டார்கள். பெரும்பாலும் கோலா என்றான்.

அவனைத் தூக்கி வர நாலு பேர் படகில் ஏறினார்கள். அப்போதுதான் காசியம்மா, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஊருக்கு முன்னால் குரலை உயர்த்தினாள்.

"யாரும் தூக்காதீங்க. அவரு நடந்து வரட்டும்."

ஊர் திகைத்துப்போனது. நாற்பத்தொரு நாள் பட்டினி கிடந்தவனை நடக்கச் சொல்கிறாளே, புத்தி பேதலித்துவிட்டதா என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். மருதையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சஃபியுல்லா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். காசியம்மா எங்கே பார்க்கிறாள் என்று அவருக்கு மட்டும் தெரிந்தது. கருப்பையன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஒரு காலை வெளியே போட்டான், மற்றதைப் போட்டான், தண்ணீரில் தள்ளாடி நின்றான், பிறகு ஈர மணலில் நாலு எட்டு வைத்தான். காசியம்மா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவன் கடந்து வந்த மணலுக்குப் போய்க் குனிந்தாள். குதிகால் இருந்தது. ஐந்து விரலும் இருந்தன. வலது சுண்டுவிரல், சின்ன வயதில் நங்கூரம் விழுந்து நசுங்கியபடி, வெளிப்பக்கம் கோணி இருந்தது. இரண்டாவது எட்டையும் பார்த்தாள், மூன்றாவதையும் பார்த்தாள், ஆவிக்குக் கால் பாவாது என்பது நிச்சயமாகும் வரை நாலையும் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அந்தத் தடத்தின் மேலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு, நாற்பத்தொரு நாளுக்கும் சேர்த்து அழுதாள். சுல்தான் பீவியும் அழுதார். பக்கத்தில் வந்து நின்ற சுக்கானின் ஈர மூக்கு தம் புறங்கையில் படுவதை அவர் கவனித்தார், கையை எடுக்கவில்லை.

வைக்கோலை மருதையனின் பசுமாடு மூன்று நாள் தின்றது. பூபி நாலு நாள் மிதவைகளுக்கு நடுவே இருந்தது. காசியம்மா தன் கையால் அதற்கு மீன் போட்டுவிட்டுத்தான் வீட்டில் உலை வைத்தாள். ஐந்தாம் நாள் அது கிழக்கே போனது. அந்த நாலு நாளும் கேமரா வைத்திருந்த அத்தனை பேரும் கருப்பையனைப் படமெடுத்துக்கொண்டிருந்ததால், காரைக்கால் கரையில் பூபி இறங்கியதற்குச் சஃபியுல்லாவின் நோட்டுப் புத்தகத்தைத் தவிர வேறு சான்று கிடையாது. அவருக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. கருப்பையன் தை மாதத்திலிருந்து மறுபடியும் கடலுக்குப் போகிறான். சுக்கான் இப்போதும் தினமும் காலையில் நடக்கிறது, நேற்று பதித்தது கல்திருப்பி உள்ளான், மொத்தம் பதினொரு பறவையின் தடம். இன்றைக்கு விடிந்து ஆறு மணிக்குப் பதினொன்றும் வந்துவிட்டன.